6,000 பவுண்ட் கோடு: கனமான வண்டிக்கு மட்டும் ஏன் இவ்வளவு வரிக்கழிவு?

அமெரிக்காவில் டிசம்பர் பிறந்தால் போதும், "ஜி-வேகன் (மெர்சிடிஸின் சொகுசு எஸ்யூவி) வாங்குங்கள், முழு விலையையும் வரியில் கழித்துவிடலாம்" என்று சொல்லும் ரீல்ஸ் வரிசை கட்டி வரும். நம்மவர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களிலும் அது சுற்றும். அதில் பாதி உண்மை. (கழிவது வரியிலிருந்து அல்ல, வரி போடும் வருமானத்திலிருந்து.) மீதிப் பாதியைச் சொல்ல 30 வினாடி போதாது என்பதால் யாரும் சொல்வதில்லை. வண்டி விற்கிறவருக்குச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

முதலில் ஒரு கூட்டத்தை வெளியே அனுப்பிவிடலாம். மாதச் சம்பளத்தில் மட்டும் வேலை பார்ப்பவர்களுக்கு, அதாவது ஆண்டு முடிவில் டபிள்யூ-2 என்ற சம்பளச் சான்று வாங்குகிற எவருக்கும், எச்-1பி ஆனாலும் குடியுரிமை பெற்றவரானாலும், இந்தக் கழிவு கிடையாது. கம்பெனி திருப்பித் தராத அலுவலகச் செலவைச் சொந்த வரியில் கழிக்கும் வழியை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் மூடியது. 2025 சட்டம் அந்தப் பூட்டை நிரந்தரமாக்கியது. சொந்தத் தொழில், எல்.எல்.சி., எஸ் கார்ப்பரேஷன் என ஏதாவது ஒரு வடிவில் உண்மையாகத் தொழில் நடத்துகிறவர்களுக்கே மேற்கொண்டு சொல்வதெல்லாம்.

கோடு எங்கிருந்து வந்தது

1984-ல் அமெரிக்க வரிச்சட்டத்தில் 280எஃப் என்ற பிரிவு நுழைந்தது. தொழிலுக்கு என்று சொல்லிச் சொகுசுக் கார் வாங்கி, அதன் தேய்மானத்தை, அதாவது ஆண்டுதோறும் குறையும் மதிப்பை, அரசின் தலையில் கட்டுவதைத் தடுப்பதே நோக்கம். பயணிகள் கார் என்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் ஆண்டுக்கு இவ்வளவுதான் கழிக்கலாம் என்று ஓர் உச்சவரம்பு. 2025-ல் பயன்பாட்டுக்கு வந்த காருக்கு அது முதலாண்டில் 20,200 டாலர், இரண்டாம் ஆண்டில் 19,600, மூன்றாம் ஆண்டில் 11,800, அதன்பிறகு ஆண்டுக்கு 7,060. இது 100 சதவீதத் தொழில் பயன்பாட்டுக்கு. பயன்பாடு குறைந்தால் அதே விகிதத்தில் இதுவும் குறையும்.

பயணிகள் கார் எது என்பதற்குச் சட்டம் எடையை அளவுகோலாக வைத்தது: 6,000 பவுண்டுக்குள் இருந்தால் கார், தாண்டினால் உச்சவரம்பு இல்லை. அதிக பெட்ரோல் குடிக்கும் கார்கள் மீது 1978-ல் போட்ட வரியிலும் இதே 6,000-தான் எல்லை. அன்றைக்கு அந்த எடையைத் தாண்டியவை பெரும்பாலும் பண்ணை லாரி, கட்டட வேலைக்குப் போகும் பிக்கப் போன்றவை. சொகுசுக்காக யாரும் அதை வாங்கமாட்டார்கள் என்று நினைத்தது அந்தக் காலத்துக்குத் தப்பில்லை. பிறகு தோல் இருக்கையும் மூன்றாம் வரிசையும் வைத்த எஸ்யூவிகள் அந்தக் கோட்டைத் தாண்டி வளர்ந்தன. கோடு நின்ற இடத்திலேயே நிற்கிறது. டாலர் வரம்புகள் விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் நகர்கின்றன, பவுண்ட் நகரவில்லை.

2003-ல் விஷயம் வெடித்தது. தொழிலுக்கு வாங்கும் கருவிகளின் விலையை முதலாண்டிலேயே கழிக்க அனுமதிக்கும் 179-ஆம் பிரிவின் வரம்பை 25,000 டாலரிலிருந்து ஒரே தாவலில் 1,00,000 ஆக்கினார்கள். ஹம்மர் எச்2 என்ற ராட்சத எஸ்யூவியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 8,600 பவுண்ட். ரியல் எஸ்டேட் தரகரோ பல் மருத்துவரோ அதை வாங்கித் தொழில் பயன்பாடு என்று காட்டினால் விலை முழுவதும் அந்த ஆண்டே கழிந்துவிடும். (8,500 பவுண்டைத் தாண்டியதால் அன்றைய எரிபொருள் சிக்கன விதிகளுக்கும் அது கட்டுப்படவில்லை. கனமாக இருப்பதே எத்தனை விதங்களில் லாபம்!) "ஹம்மர் ஓட்டை" என்ற பெயர் நாடு முழுக்கப் பரவியது. 2004 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஓர் ஒட்டுப்போட்டது: 6,000 முதல் 14,000 பவுண்ட் வரையுள்ள எஸ்யூவிக்கு 179-ஆம் பிரிவில் 25,000 டாலருக்கு மேல் கழிக்கக் கூடாது. இன்றும் அந்த வரம்பு இருக்கிறது, 2025-க்கு 31,300.

ஒட்டுப்போட்டது 179-ல் மட்டும். பக்கத்திலேயே போனஸ் தேய்மானம் என்று, விலையில் ஒரு பெரிய சதவீதத்தை முதலாண்டிலேயே கழிக்கவிடும் இன்னொரு வழி இருக்கிறது, அதற்கு இந்த எஸ்யூவி வரம்பு பொருந்தாது. 2017 சட்டம் போனஸை 100 சதவீதமாக்கியது. 2023-ல் 80, 2024-ல் 60 என்று அது படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், 2025 ஜனவரி 19-க்குப் பிறகு வாங்கிய சொத்துகளுக்கு மீண்டும் 100 சதவீதம் என்று நிரந்தரமாக்கியது. 2004-ல் பூட்டிய கதவு பூட்டியபடியே இருக்கிறது; எல்லோரும் பக்கத்துச் சந்து வழியாகப் போகிறார்கள்.

ஸ்டிக்கரைப் படியுங்கள்

விற்பனையாளர் சொல்லும் எடையை நம்ப வேண்டாம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு வந்து அடைக்கும் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் ஜி.வி.டபிள்யூ.ஆர். என்று ஓர் எண். அது வண்டியின் சொந்த எடை அல்ல. வண்டி, எரிபொருள், ஆட்கள், சாமான் எல்லாம் சேர்ந்து அதிகபட்சம் எவ்வளவு எடையோடு ஓடலாம் என்று தயாரித்தவர் நிர்ணயித்த அளவு. அது 6,000 பவுண்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 2,722 கிலோவுக்கு மேல், இருக்க வேண்டும். சரியாக 6,000 என்று இருந்தால் வண்டி இன்னும் உச்சவரம்புள்ள கார் பக்கம்தான். ஒரே மாடலில் எஞ்சினும் டிரிம்மும் (வசதிகளைப் பொறுத்த ரகம்) மாறினால் எண் மாறும். இணையத்தில் சுற்றும் "தகுதியான வண்டிகள்" பட்டியலை வைத்து முடிவெடுப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். வாங்கும் வண்டியின் ஸ்டிக்கரையே போட்டோ எடுத்து ஃபைலில் வைத்துவிடுவது நல்லது.

இன்னொரு நுணுக்கம் பலருக்குத் தெரியாது. மொத்த எடையை வைத்துப் பார்ப்பது லாரி, வேன், லாரி சேசிஸில் கட்டிய எஸ்யூவி ஆகியவற்றுக்கு. செடான் கார் என்றால் சட்டம் பார்ப்பது சாமான் ஏற்றாத எடையை. பேட்டரியின் கனத்தால் மொத்த எடை 6,000-ஐத் தாண்டுகிற மின்சார செடான்கள் உண்டு. ஸ்டிக்கரைக் காட்டி அவற்றுக்கு முழுக்கழிவு கேட்டால் செல்லாது. காரின் அடித்தளத்தில் எஸ்யூவி உருவில் கட்டிய, நடுவில் நிற்கும் கிராஸ்ஓவர்கள் விஷயத்தில் வரி ஆலோசகர்களுக்குள்ளேயே வாதம் இருக்கிறது. அதனால் உங்கள் சி.பி.ஏ. (உரிமம் பெற்ற கணக்காளர்) என்ன சொல்கிறாரோ அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிக்கப் வாங்குகிறவர்கள் பின்பக்கத் தொட்டியின் உள்நீளத்தை டேப் வைத்து அளக்க வேண்டும். ஆறடி இருந்து, உள்ளே உட்கார்ந்தபடி எளிதில் எட்ட முடியாததாகவும் இருந்தால் 2004-ன் எஸ்யூவி வரம்பு அதற்குப் பொருந்தாது. ஃபோர்டின் நான்கு கதவு எஃப்-150 பிக்கப்பை ஐந்தரை அடித் தொட்டியோடும் வாங்கலாம், ஆறரை அடித் தொட்டியோடும் வாங்கலாம். முதலாவது வரம்புக்குள், இரண்டாவது வெளியே. ஓட்டுநருக்குப் பின்னால் ஒன்பது பேருக்கு மேல் உட்காரும் வேன், பின்னால் இருக்கையே இல்லாத சரக்கு வேன் ஆகியவற்றுக்கும் விலக்கு உண்டு. இப்போது போனஸ் 100 சதவீதம் என்பதால் மத்திய வரியில் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் கலிபோர்னியா போனஸை ஏற்பதில்லை; அங்கே 179-ன் மொத்த வரம்பே 25,000 டாலர். ஆகவே அங்கே இருப்பவர்கள் ஒரே வண்டிக்கு மத்திய அரசுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று என இரண்டு தேய்மான அட்டவணைகளை வண்டியை விற்கும்வரை வைத்திருக்க வேண்டும்.

கணக்கு

90,000 டாலர் எஸ்யூவி, 80 சதவீதத் தொழில் பயன்பாடு, 24 சதவீத வரி அடுக்கு என்று வைத்துக்கொள்வோம். முதலாண்டில் 72,000 டாலர் கழிகிறது. 17,280 டாலர் வரி மிச்சம். அதே 90,000-க்கு செடான் வாங்கியிருந்தால் முதலாண்டுக் கழிவு 16,160 டாலர்தான். வித்தியாசம் கண்ணைப் பறிக்கும். கடனில் வாங்கினாலும் முழு விலைக்கும் கழிவு உண்டு என்பதால், 10,000 டாலர் முன்பணம் கட்டியவருக்கு, வரிக்கணக்குக் கொடுக்கும் அந்த ஏப்ரலில் கையில் லாபமே நிற்பதுபோலத் தோன்றும்.

மூன்று ஆண்டு கழித்து வண்டியை 50,000-க்கு விற்கிறார். அதில் தொழில் பங்கு 40,000. தொழில் பங்கின் விலை முழுவதும் ஏற்கெனவே கழிந்துவிட்டதால் புத்தகத்தில் மிச்சம் சைபர். அந்த 40,000 முழுவதும் சாதாரண வருமானம். குறைந்த வரிவிகிதமுள்ள மூலதன ஆதாயமாக அதைக் காட்ட முடியாது. 9,600 டாலர் வரி. ஆக நிகர மிச்சம் 7,680. வண்டியின் தொழில் பங்கு உண்மையில் இழந்த மதிப்பு 32,000. அதில் 24 சதவீதம் எவ்வளவு என்று பாருங்கள், அதே 7,680. கழிவு எவ்வளவு வேகமாக வந்தாலும் கடைசியில் நிற்பது உண்மையான தேய்மானத்தின் மீதான வரி மட்டுமே. இடையில் அரசுப் பணத்தை வட்டியில்லாமல் சில ஆண்டுகள் வைத்திருந்த பலன் உண்டு. அது சின்ன விஷயமில்லை, ஆனால் "ஓசிக் கார்" என்பதற்கு அது வெகுதூரம்.

பழைய வண்டியை டீலரிடம் கொடுத்துப் புதியது எடுத்தால் இந்த வரி வராது என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். 2017 வரைக்கும் அது உண்மை. 2018 முதல் அந்தச் சலுகை நிலம், கட்டடத்துக்கு மட்டும்தான். வண்டியை மாற்றிக்கொள்வதும் விற்பனையாகவே கொள்ளப்படும்.

தவணை விஷயத்தை யாரும் பேசுவதில்லை. முதலாண்டிலேயே கழிவு முழுவதும் தீர்ந்துவிட்டது. இரண்டாம் ஆண்டிலிருந்து மாதாமாதம் அசலைக் கட்டிக்கொண்டே இருப்பீர்கள்; அதற்கு எதிரே கழிக்க வட்டியின் தொழில் பங்கைத் தவிர எதுவும் இருக்காது. வருமானம் ஏறுகிற தொழிலில் இது இன்னும் வலிக்கும். இந்த ஆண்டு 22 சதவீத அடுக்கில் கழித்துத் தீர்த்துவிட்டு, அடுத்த ஆண்டுகளில் 32 சதவீத அடுக்கில் கழிக்க ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர். போனஸ் தானாகவே பொருந்திவிடும். வேண்டாம் என்றால், வண்டியைப் போல ஐந்தாண்டில் தேய்மானம் கழிக்கும் பிரிவில் அந்த ஆண்டு வாங்கிய சொத்துகள் அனைத்துக்குமாகச் சேர்த்து வேண்டாம் என்று படிவத்தோடு எழுதிக்கொடுக்க வேண்டும். 179 அப்படியில்லை, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். 20 சதவீதத் தொழில் வருமானக் கழிவு பெறுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வண்டிக்கு 50,000 கழித்தால் தொழில் வருமானம் 50,000 குறைகிறது, அதில் 20 சதவீதமாக வந்திருக்க வேண்டிய 10,000 டாலர் கழிவும் கூடவே போகிறது. 24 சதவீத அடுக்கில் 12,000 என்று நினைத்த மிச்சம் 9,600 ஆகிறது.

எங்கே உடைகிறது

வாங்கிய ஆண்டில் தொழில் பயன்பாடு 50 சதவீதத்துக்கு மேல் இருந்தே ஆகவேண்டும். அதோடு முடியாது, அடுத்த ஆண்டுகளிலும் அதற்குக் கீழே இறங்கக் கூடாது. மேலே சொன்ன வண்டியின் பயன்பாடு மூன்றாம் ஆண்டில் 45 சதவீதமாக இறங்கியது என்று வையுங்கள். ஐந்தாண்டு நேர்கோட்டு முறையில் முதல் இரண்டு ஆண்டுகளில் கழித்திருக்க வேண்டியது 30 சதவீதம் (முதலாண்டு பாதியாகவே கணக்கு, எனவே 10 + 20), அதாவது 21,600. கழித்தது 72,000. வித்தியாசமான 50,400 டாலர் அந்த மூன்றாம் ஆண்டின் வருமானமாகத் திரும்பி வரும். வண்டியை விற்காமலேயே, கையில் ஒரு டாலர் வராமலேயே. ஷெட்யூல் சி (சொந்தத் தொழில் வருமானத்துக்கான படிவம்) போடுகிறவருக்கு அதன்மேல் சுயதொழில் வரியும் சேரும்.

பயன்பாட்டை எப்படி நிரூபிப்பது? தேய்மானத்தைக் காட்டும் படிவம் 4562-ன் ஐந்தாம் பகுதி நேரடியாகவே கேட்கிறது: ஆதாரம் இருக்கிறதா, அது எழுத்தில் இருக்கிறதா? வேறு சில செலவுகளில் நியாயமான மதிப்பீட்டை நீதிமன்றம் ஏற்பதுண்டு. வண்டிச் செலவில் அது நடக்காது. தேதி, எங்கே போனது, எத்தனை மைல், எதற்காக என்று அன்றன்றைக்கு எழுதிய பதிவு வேண்டும். ஜனவரி 1 அன்றும் டிசம்பர் 31 அன்றும் ஓடோமீட்டரை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள், மொத்த மைலுக்கு அதைவிட எளிய சாட்சி கிடையாது. ஒவ்வொரு வரியிலும் "கிளையன்ட் மீட்டிங்" என்று மட்டுமே எழுதிய பதிவு, தணிக்கை அதிகாரி முன்னால் இல்லாததற்குச் சமம்.

வீட்டிலிருந்து அலுவலகம் போவது தொழில் பயணம் அல்ல. பின்னால் கருவிகளை ஏற்றிப் போனாலும் அல்ல. வண்டி முழுக்கக் கம்பெனி விளம்பரம் ஒட்டினாலும் அல்ல. ஸ்டிக்கர் செலவை விளம்பரமாகக் கழிக்கலாம், மைல் மாறாது. வீடே முதன்மைத் தொழிலிடம் என்று சட்டப்படி தகுதி பெற்றவருக்கு வீட்டு வாசலிலிருந்தே தொழில் பயணம் தொடங்கும்.

டிசம்பர் 28 அன்று ஆர்டர் கொடுத்து ஜனவரியில் வண்டி வந்தால் கழிவு அடுத்த ஆண்டுக்கு. பணம் கட்டிய தேதி பொருட்டில்லை, வண்டி ஓட்டத் தயாராக உங்களிடம் இருந்த தேதிதான் கணக்கு. பழைய வண்டிக்கும் போனஸ் உண்டு, அதை முன்பு நீங்களே பயன்படுத்தியிருக்கக் கூடாது; மனைவி பெயரிலிருந்து கம்பெனி பெயருக்கு "விற்பது" எடுபடாது. ஒருமுறை இப்படிக் கழித்துவிட்டால் அந்த வண்டிக்கு மைலுக்கு இவ்வளவு (2025-ல் 70 சென்ட்) என்ற எளிய முறைக்குத் திரும்ப முடியாது. நிறைய ஓடும் சுமாரான விலையுள்ள வண்டிக்குப் பல நேரம் அந்த 70 சென்ட்தான் லாபம்: ஆண்டுக்கு 20,000 தொழில் மைல் என்றால் 14,000 டாலர், வண்டியின் விலை என்னவாக இருந்தாலும்.

பக்கத்தில் 8,000 டாலர் கன்சல்டிங் வருமானம் வைத்துக்கொண்டு 90,000 டாலருக்கு வண்டி வாங்கி, நஷ்டத்தைக் கணவன் அல்லது மனைவியின் சம்பளத்தில் கழிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. கணக்கு அளவில் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் செலவு அந்தத் தொழிலுக்குச் சாதாரணமானதும் தேவையானதுமாக இருக்க வேண்டும் என்பது வரிச்சட்டத்தின் அடிப்படை. எட்டாயிரம் டாலர் சம்பாதிக்க எட்டுப் பேர் உட்காரும் வண்டி எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால், மைல் பதிவு எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை.

சரி, இது நியாயமா

ஆதரிப்பவர்களின் வாதத்தில் வலு இருக்கிறது. லேத் மெஷின் வாங்கினாலும் ஃபோர்க்லிஃப்ட் வாங்கினாலும் முதலாண்டிலேயே முழுவதும் கழிக்கலாம் என்கிறபோது எஸ்யூவிக்கு மட்டும் சலுகை தருகிறார்கள் என்று எப்படிச் சொல்வது? தனியாகத் தண்டிக்கப்படுவது செடான்தான். இது எனக்கும் சரியாகவே படுகிறது. கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. செடானுக்கு உச்சவரம்பு வைத்ததற்குக் காரணம், காரில் தொழிலும் சொந்த அனுபோகமும் கலந்திருக்கும் என்பது. லேத் மெஷினில் குழந்தைகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போக முடியாது. எஸ்கலேட் போன்ற சொகுசு எஸ்யூவியில் முடியும். கலப்பு எதில் அதிகமோ அங்கே வரம்பு விலகுகிறது, 30,000 டாலர் செடானில் மருந்துக் கடைகளைச் சுற்றும் விற்பனைப் பிரதிநிதியின் மேல் வந்து உட்கார்கிறது.

எடைக்கும் தொழில் தேவைக்கும் சம்பந்தமில்லை என்பது வருமான வரித்துறைக்குத் தெரியாததல்ல. 6,000 பவுண்டுக்குக் கீழே இருந்தாலும், உள்ளே அலமாரி அடித்து, ஓட்டுநர் இருக்கையும் உதவியாளர் இருக்கையும் மட்டும் உள்ள பிளம்பர் வேன் போன்றவற்றை உச்சவரம்பிலிருந்து விடுவிக்கும் விதியை 2003-லேயே கொண்டுவந்துவிட்டார்கள். சொந்த உபயோகத்துக்கு லாயக்கில்லாத வண்டி என்பதுதான் அங்கே அளவுகோல். டாக்சிக்கும் அமரர் ஊர்திக்கும் அதற்கு முன்பிருந்தே விலக்கு உண்டு. ஆக நல்ல அளவுகோல் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. இருந்தும் பவுண்ட் கோட்டை அழிக்கவில்லை. தயாரிப்பாளர்களுக்கோ கோட்டுக்கு மேல் சில பவுண்ட் தள்ளி நிர்ணயித்த ஒரு டிரிம் இருந்தாலே விற்பனைக்கு லாபம்.

திருத்தம் என்று பார்த்தால், 2004-ல் 179-க்கு எழுதிய எஸ்யூவி வரம்பைப் போனஸ் தேய்மானத்துக்கும் நீட்டிக்க ஒரு வாக்கியம் போதும். 2017-லும் 2025-லும் வாய்ப்பு வந்தது, இரண்டு முறையும் அதைத் தொடவில்லை. உழைக்கிற ஆளின் பிக்கப் அடிபடும் என்பது வழக்கமான மறுப்பு. ஐந்தரை அடித் தொட்டியுள்ள 72,000 டாலர் பிக்கப்பை முழுக்கத் தொழிலுக்கே ஓட்டும் கான்ட்ராக்டரை எடுத்துக்கொள்வோம். வரம்பு வந்தாலும் அவருக்கு முதலாண்டில் 31,300, மீதி 40,700-ல் வழக்கமான 20 சதவீதமாக 8,140, ஆக 39,440 டாலர் கழிவு கிடைக்கும். எஞ்சிய 32,560 அடுத்த ஐந்து வரிப்படிவங்களில் வந்துவிடும். ஆறரை அடித் தொட்டி வாங்கியிருந்தால் அந்தக் காத்திருப்பும் இல்லை.